முன்னறைக்கும் பின்னறைக்கும் ஒரு கம்பி

கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்த யேசுதாஸ், லீவில் இறங்கும்போதெல்லாம் தெருவே வாயைப் பிளக்கிற மாதிரி ஏதாவது ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு வருவான். ஒரு லீவில் ரொட்டி சுடும் பெட்டி வந்தது. இன்னொரு லீவில் இசைத்தட்டைத் தானாகவே மாற்றிப் போடும் ரிக்கார்டு பிளேயர். இரண்டும் உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பரணில் கிடந்தன. எழுபத்தொன்பதாம் வருஷம் பிப்ரவரியில் அவன் கொண்டுவந்து இறக்கியது கம்ப்யூட்டர்.

கஸ்டம்ஸ்காரர்களிடம் அதை டிவியில் விளையாடும் பொம்மை என்று சொல்லி வெளியே எடுத்து வந்தானாம். அந்தச் சாமர்த்தியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுடைய அழுக்குத் துணிகளைப் பிரித்துக்கொண்டே அவன் மனைவி ரோசி கேட்டுக்கொண்டிருந்தாள். பொம்மை என்று சொன்னது ஒன்றும் பெரிய பொய்யில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"இந்த மாதிரி மெஷின் மெட்ராஸ்ல யாரு வூட்லயும் கெடையாது ரோசி. மொதோ ஆள் நான்தான்."

"ரெண்டாவது ஆளுங்க நீங்க. மொதோ ஆளு பின்னாடி ரூம்ல குந்திக்கினு கீறான்."

யேசுதாஸின் முகம் சுருங்கியது. பின்னறையில் இருந்தது ரோசியின் தம்பி லூயிஸ். மணலியில் ஒரு தொழிற்சாலையில் மீட்டர்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவன். ஒரு வருஷத்துக்கு முன்னால் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள். வேறு வேலை தேடு என்று ரோசி தினமும் காலையில் துரத்துவாள். அவனும் கிளம்பிப் போவான். போகிற இடம், ரேடியோச் சாமான் கடைகள் நிறைந்த ரிட்சி ஸ்ட்ரீட். வெளிநாட்டிலிருந்து வந்து எவனோ கழித்துப்போட்ட பலகைகள், சில்லுகள், ஒயர் துண்டுகள் என்று பொறுக்கிக்கொண்டு சாயங்காலம் திரும்புவான். இப்படிச் சேர்த்ததையெல்லாம் ஒரு மீன் பெட்டிக்குள் பொருத்தி, அதைத்தான் அவன் கம்ப்யூட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அது எழுதிக் காட்டுவதற்கு டிவி கிடையாது. தந்தி ஆபீஸ் ஏலத்தில் எடுத்த, வருகிற சேதியைத் தானே காகிதத்தில் அடிக்கும் பழைய டெலிபிரின்டர் ஒன்று. அதை முடுக்கினால் வீட்டுச் சுவரே அதிரும்.

"இன்னாமே ரோசி, வூட்டுக்குள்ளாற லாரி ஓட்றியா?" என்று வாசலில் கூடையை இறக்கி வைத்துக்கொண்டு மீன்காரி கன்னியம்மா கேட்பாள்.

"லாரி இருந்தா நாலு லோடாவது அடிச்சிருப்பான்," என்பாள் ரோசி.

அப்பா விட்டுப்போன வீடு அது. கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்தில் நீளமாகப் போகும் வீடு. முன்னறையில் ரோசி டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தினாள். நடுவில் கிணற்றடி, அதைத் தாண்டினால் லூயிஸின் அறை. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் குமாஸ்தா வேலைக்குப் போக வேண்டும் என்று ராயபுரத்துப் பெண்பிள்ளைகள் பாதிப்பேர் அவளிடம்தான் வந்து தட்டினார்கள். அவள் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடியது. யேசுதாஸின் சம்பளம் அவன் வாங்கி வரும் சாமான்களுக்கே சரியாகப் போய்விடும்.

அன்று அவன் முதல் காரியமாக இன்ஸ்டிட்யூட்டில் இருந்த நல்ல மேஜை ஒன்றைக் காலி செய்தான். அதன் மேலிருந்த டைப்ரைட்டரைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, தன் கம்ப்யூட்டரையும் டிவியையும் அங்கே ஏற்றினான். பாடம் படிக்க வந்த பெண் எங்கே உட்காருவது என்று தெரியாமல் விழித்தாள்.

"நாளைக்கு டைப்ரைட்டரெல்லாம் கடல்ல தூக்கிப் போடப்போறாங்க. இப்பவே பழகிக்கட்டும்," என்றான் யேசுதாஸ்.

"போடட்டும். அதுவரைக்கும் இவ பீஸ் கட்றா," என்று சொல்லி, ரோசி அந்த டைப்ரைட்டரைத் தன் சொந்த மேஜைக்கு மாற்றி, அந்தப் பெண்ணைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

மாமனும் மச்சானும் ஒருவர் மெஷினை ஒருவர் ஒருநாள் பார்த்தார்கள். அன்றோடு பேச்சு முறிந்தது. லூயிஸின் மீன் பெட்டியைப் பார்த்து, "இதுல இன்னும் செதில் ஒட்டிக்கினு கீது பார்" என்றான் யேசுதாஸ். யேசுதாஸின் மெஷினைப் பார்த்து, "கடையில காசு குடுத்தா யார் வேணா வாங்கிக்கினு வரலாம்" என்றான் லூயிஸ். அதற்குப்பிறகு ஒருவருக்குச் சொல்ல வேண்டியதை மற்றவர் ரோசியிடம் சொன்னார்கள். உன் புருஷன் மெஷின் கேசட்டில் பாட்டு மாதிரி சேர்த்து வைக்கிறது, அது ஒரு லட்சணமா? உன் தம்பி மெஷினுக்கு ஒவ்வொரு தடவையும் சுவிட்சைத் தட்டித் தட்டி உயிர் கொடுக்க வேண்டும், அது ஒரு பிழைப்பா? இரண்டு ஆண்பிள்ளைகள், இரண்டு தகரப் பெட்டிகள். இதில் எது அதிகம் இரைச்சல் போடுகிறது என்று ரோசியால் சொல்ல முடியவில்லை.

இந்த நிலையில்தான் லியோனார்ட் வந்தார். எண்ணூரில் ஒரு பெரிய தொழிற்சாலைக்கு மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் யேசுதாஸ் அவரைப் பிடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் கதையை அளந்துகொண்டிருந்தான். அவர் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் சொன்னார்:

"எங்க பாக்டரியிலயும் ரெண்டு இருக்கு மிஸ்டர் யேசுதாஸ். ஒண்ணு ஒரு தேசத்துது, இன்னொண்ணு வேற தேசத்துது. அது சொல்றது இதுக்குப் புரியாது. அதுல வர்றதைப் பேப்பர்ல எடுத்து, ஆளை வெச்சு இதுல திரும்ப அடிக்கிறோம். பாம்பேல இருந்து வந்தவன் ஒரு மாசம் கெஸ்ட் ஹவுஸ்ல தங்கி நல்லா சாப்பிட்டான். முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். ரெண்டு ஜாதி மெஷினைச் சேர்த்து வைக்கத் தெரிஞ்ச ஒருத்தர் கிடைச்சா, நாளைக்கே வேலை போட்டுத் தருவேன்."

"எங்க வூட்லயே ரெண்டு ஜாதி கீது சார். நான் சேத்துக் காட்றேன், வந்து பாருங்க," என்றான் யேசுதாஸ், கொஞ்சமும் யோசிக்காமல்.

பக்கத்தில் நின்ற ரோசி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் அவள் கையைப் பிடித்தான். தெருவில் அப்படியெல்லாம் செய்கிறவன் இல்லை.

"இந்த வேலை கெடச்சா நான் கப்பலை வுட்டுர்றேன் ரோசி. எண்ணூர் இன்னா தூரம்? காலையில போனா சாயங்காலம் வூடு."

கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு லீவிலும் இதுதான் கடைசி டிரிப் என்று அவன் சொல்லியிருக்கிறான். அவள் அதை நம்புவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். ஆனாலும் அன்று அந்தக் கையை அவள் உதறவில்லை. காலையில் போனால் சாயங்காலம் வீடு. துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்க்கிற புருஷன்மார்கள் எல்லாரும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார்கள். அது ஒரு பெரிய ஆசையா?

அன்று சாயங்காலமே லூயிஸிடம் பேசியது அவள்தான். "உங்க மாமாவோட சேந்து இதை முடி. ரெண்டு பேருல எவனாவது ஒருத்தன் உருப்படுவீங்களான்னு பாக்குறேன்."

முன்னறையிலிருந்து கிணற்றடிக்கு மேலாக, துணி காயப்போடும் கொடியை ஒட்டி, லூயிஸ் பின்னறைக்கு ஒரு கம்பி இழுத்தான். ஒரு மெஷின் ஒவ்வோர் எழுத்தாக அந்தக் கம்பியில் அனுப்ப வேண்டும், மற்றது வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. முதல் நாள் லூயிஸின் பெட்டியில் ஒரு சில்லு கருகி, வீடெல்லாம் நாற்றம். இரண்டு மெஷினும் கம்பியில் விடும் மின்சாரத்தின் அளவு வேறு வேறாம். அதைச் சரிசெய்வதற்குள் ஒரு வாரம் ஓடியது. பிறகு எழுத்துக்கள் வந்தன, ஆனால் ஒன்றும் எழுத்தாக இல்லை. யேசுதாஸ் இங்கே தன் பெயரை அடித்தால், அங்கே டெலிபிரின்டர் கேள்விக்குறியும் நட்சத்திரமுமாகக் கொட்டியது. வேகம் வேறு, எழுத்துக்கு வைத்திருக்கும் எண் வேறு.

"உன் தம்பிகிட்ட சொல்லு. அவன் பொட்டியை மாத்தச் சொல்லு," என்று முன்னறையிலிருந்து குரல் வரும்.

"அவரு மெஷின்ல சின்னதா ஒரு புரோகிராம் போட்டா போதும்க்கா. பத்து வரிதான்," என்று பின்னறையிலிருந்து வரும்.

"இது கம்பெனி மெஷின். இதுல இன்னாத்துக்கு மாத்தணும்? அமெரிக்காக்காரன் முட்டாளா?"

நடுவில் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ரோசி, இரண்டு பக்கமும் சேதி கொண்டுபோகிற வேலையை நிறுத்திவிட்டாள். "நான் இன்னா உங்களுக்குக் கம்பியா?" என்று கத்திவிட்டு உள்ளே போனாள்.

லியோனார்ட் வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை நெருங்கியபோது, எழுத்துக்கள் ஒருவழியாக எழுத்துக்களாகவே வரத் தொடங்கின. ஆனால் எல்லாம் ஒரே வரியில் விழுந்தன. டெலிபிரின்டர் வரியின் முனைக்குப் போகும், திரும்பி வரும், அடித்த வரியின் மேலேயே மறுபடி அடிக்கும். அடித்து அடித்துக் காகிதம் கறுத்துக் கடைசியில் ஓட்டை விழும். ரோசி அந்தக் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

"எங்கிட்ட மொதோ நாள் வர்ற பொண்ணுகூட, வரி முடிஞ்சா உருளையைச் சுத்தணும்னு தெரிஞ்சிக்கினு போவுது. ரெண்டு பேரும் இன்னாடா கிழிக்கிறீங்க, பேப்பரைத் தவிர?"

லூயிஸ் சிரிக்கவில்லை. "அது எனக்குப் போன வாரமே தெரியும்க்கா. அவரு மெஷின் வரி முடிஞ்சா ஒரே ஒரு குறிதான் அனுப்பும். என்னுதுக்கு ரெண்டு வேணும், திரும்பறதுக்கு ஒண்ணு, பேப்பரை நகத்தறதுக்கு ஒண்ணு. அவருகிட்ட சொன்னேன். மாத்தமாட்டேன்னுட்டாரு."

"அப்ப நீ இன்னா செய்யப்போறே?"

"என் பக்கத்துலயே மாத்திக்கிறேன். அவரு வேகத்துக்கு என்னுதைக் கொறச்சாச்சு. அவரு எழுத்தை வாங்கி நானே திருத்திக்கிறேன். அந்தக் குறி வந்தா, இன்னொண்ணை நானே சேத்துக்கிறேன். என்னுது அனுப்பும்போது, அதுக்குப் புரியற மாதிரி திருப்பி மாத்தி அனுப்புறேன். என் மெஷின்ல பாதி இடம் இதுக்கே போயிடும். போட்டும், இன்னா இப்போ."

எட்டு மாதம் ராப்பகலாகக் கட்டின பெட்டியை, மாமனுடைய பொம்மைக்கு வேலைக்காரனாக ஆக்கிக்கொண்டிருந்தான். தம்பியைத் திட்ட வாயெடுத்த ரோசி அடுப்படிக்குப் போனாள். காப்பி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அவன் நன்றி சொல்லாமல் குடித்தான். இருந்தாலும் அவள் மனசு லேசாகவில்லை. இவனுக்கு முதுகெலும்பு இல்லையா, அல்லது அவளுக்குத் தெரியாத வேறு ஏதாவது எலும்பு இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு போனாள்.

அந்த வாரம் முழுக்க யேசுதாஸ் என்ன செய்தான் என்றால், முடிவெட்டிக்கொண்டான், வெள்ளை யூனிபாரத்துக்குக் கஞ்சி போடச் சொன்னான், தெருவில் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லியோனார்ட் வந்தார். வாசலில் கூட்டம். கன்னியம்மா கூடையோடு முன்வரிசையில் நின்றாள். பக்கத்து ஐஸ் பாக்டரியில் மோட்டார் போட்டால் வீட்டில் வெளிச்சம் மங்கிவிடும் என்பதால், அங்கே வேலை பார்க்கும் சுப்பராயனைக் கெஞ்சி, கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தான் லூயிஸ். வந்தவன் பின்னறையில் பனியனோடு தன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

லியோனார்ட் தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தொழிற்சாலைச் சாமான்களின் பெயர்கள் சில. "இதை இங்க அடிங்க," என்றார். யேசுதாஸ் அடித்தான். டிவியில் வெள்ளை எழுத்துக்கள் ஊர்ந்தன. அவன் ஒரு பித்தானை அழுத்தியதும் கிணற்றடிக்கு அப்பால் டெலிபிரின்டர் அதிரத் தொடங்கியது. லியோனார்ட் விறுவிறுவென்று பின்னறைக்கு நடந்தார். வரிக்குக் கீழே வரியாக, ஒரு பெயர்கூடத் தப்பாமல் காகிதம் நகர்ந்துகொண்டிருந்தது. அவர் ஒரு பெயரைப் பேனாவால் அடித்துவிட்டு வேறு பெயர் மாற்றச் சொன்னார். லூயிஸ் மாற்றித் திருப்பி அனுப்பினான். முன்னறை டிவியில் புதுப்பெயர் வந்து நின்றது.

"அய்யே, அந்த ரூமுக்கு அனுப்பி இந்த ரூமுக்கு வாங்கறதுக்கா இத்தினி பேஜாரு? கூப்ட்டா காது கேக்காதா?" என்றாள் கன்னியம்மா. கூட்டம் சிரித்தது. லியோனார்ட் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது.

"இதைத்தான் பாம்பேக்காரன் முடியாதுன்னான். யார் செஞ்சது இது?"

"நான்தான் சார்," என்றான் யேசுதாஸ். "ரேடியோவுலயே ஊறினவன். இதெல்லாம் நமக்கு விளையாட்டு. மச்சான் கம்பி இழுத்தான், அப்படி இப்படி ஒத்தாசைக்கு இருந்தான்."

லூயிஸ் பின்னறை வாசலில் வந்து நின்றிருந்தான். அவன் மாமனைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

அந்தப் பார்வையில் ரோசிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோயிலிலிருந்து வந்த அன்று கப்பலை விடுவதாக யேசுதாஸ் சொன்னதை லூயிஸ் எங்கோ பின்னால் வந்து கேட்டிருக்கிறான், அவள் கையை உதறாமல் வந்ததையும் பார்த்திருக்கிறான். வேலை மாமாவுக்குப் போகட்டும், அக்கா புருஷன் ஊரோடு இருக்கட்டும் என்று நிற்கிறான். பெரிய தியாகி. யார் இவனைக் கேட்டது?

"எங்கிட்ட ஒரே ஒரு இடம்தான் காலி," என்றார் லியோனார்ட். "செஞ்சவருக்குத்தான் அது. திங்கட்கிழமை வந்து சேருங்க மிஸ்டர் யேசுதாஸ்."

காலையில் போனால் சாயங்காலம் வீடு. ரோசி அதை ஒருதரம் நினைத்துப் பார்த்தாள். சாயங்காலம் தினமும் அந்த வெள்ளை யூனிபாரம் வாசற்படி ஏறி வரும். எண்ணூரில் நான் அதைச் செய்தேன், இதைச் செய்தேன் என்று சொல்லும். பின்னறையிலிருந்து திருடியதைத் தட்டில் போட்டுக்கொண்டு, அவள் எதிரிலேயே உட்கார்ந்து தின்னும். அவள் பரிமாற வேண்டும்.

"வரி முடிஞ்சா எத்தினி குறி அனுப்பணும்னு அவரைக் கேளுங்க சார்," என்றாள்.

லியோனார்ட் திரும்பினார். "என்னம்மா?"

"உங்க பாக்டரியில கீற ரெண்டு மெஷினுக்கும் இந்த மாதிரிதானே தகராறு. இவரு மெஷின் ஒண்ணு அனுப்புது, அவனுது ரெண்டு கேக்குது. அதை யாரு மாத்துனா, எப்படி மாத்துனான்னு ஒரு வார்த்தை கேளுங்க."

யேசுதாஸ் சிரித்தான். "அது... அது மெஷினே பாத்துக்கும் சார். கம்பெனி மெஷின்."

"மெஷினே பாத்துக்கும்னா, போன வாரம் முழுக்க பேப்பர் இன்னாத்துக்கு ஓட்டை விழுந்துச்சு?" என்றாள் ரோசி. "சார், இவரு மெஷின்ல ஒரு வரி மாத்தல. மாத்தவும் மாட்டேன்னாரு. எல்லாத்தையும் செஞ்சவன் அதோ பனியனோட நிக்கிறான். அவனுக்கு வாயில்ல. அது ஒண்ணுதான் அவன்கிட்ட கொற."

லியோனார்ட் லூயிஸிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ கேட்டார். லூயிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கினான். சொல்லச் சொல்லத் தலை நிமிர்ந்தது, கைகள் ஆடின. இரண்டு பேரும் மீன் பெட்டியின் மேல் குனிந்துவிட்டார்கள். யேசுதாஸ் உள்ளே போய் யூனிபாரத்தைக் கழற்றினான்.

திங்கட்கிழமை லூயிஸ் எண்ணூருக்கு வேலைக்குப் போனான். போவதற்கு முன்னால் அக்காவிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் போனான்.

"நீ ஏன்க்கா வாயைத் தொறந்தே? மாமா ஊரோட இருந்திருப்பாரு. எனக்கு இன்னா, இன்னொண்ணு கெடைக்காமலா பூடும்?"

"ஒரு வருஷமா கெடச்சுதா? எனக்கு எது வேணும்னு நான் உங்கிட்ட கேட்டேனா? போடா, பஸ்ஸு போயிடும்."

யேசுதாஸ் அவளிடம் பேசவில்லை. லீவு முடியக் காத்திருக்காமல் கப்பல் கம்பெனிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். கிளம்பும் நாளன்று ரோசி இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிக்கொண்டு துறைமுக வாசல் வரைக்கும் கூடவே போனாள். அவன் கம்ப்யூட்டரைப் பழையபடி அட்டைப்பெட்டியில் கட்டித் தூக்கி வந்திருந்தான். வாசலில் பாஸைக் காட்டிவிட்டுத் திரும்பினான்.

"நீ மட்டும் வாயை மூடிக்கினு இருந்திருந்தா, நான் இன்னிக்கிப் போயிருக்க மாட்டேன்."

"தெரியும்," என்றாள் ரோசி. "தெரிஞ்சுதான் தொறந்தேன்."

அவன் அவளை அப்படிப் பார்த்ததே இல்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அட்டைப்பெட்டியைத் தோளில் மாற்றிக்கொண்டு உள்ளே போனான்.

வந்த வழியே அவள் நடந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்து முந்தானையைக் கையில் சுற்றி வைத்திருந்தாள். கல்மண்டபம் வந்தது, அழுகை வரவில்லை. பசிதான் வந்தது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நாயர் டீக்கடைக்குள் போய் ஒரு வடை வாங்கினாள். பொம்பளை தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை ஜனங்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னொரு வடை வாங்கித் தின்றாள்.